புறங்கையில் ஒரு சரித்திரம்

கதை எழுதுகிறவனுக்கு மூக்கு அவசியமா என்று யாராவது கேட்டால், சிறிது காலம் முன்பு வரையில் "அவ்வளவாக அவசியமில்லை" என்றுதான் சொல்லியிருப்பேன். கண்ணும் காதும் இருந்தால் போதும், மற்றதைப் பேனா பார்த்துக்கொள்ளும் என்பது என் அபிப்பிராயம். என் மூக்கைப் பற்றி வீட்டில் நிலவி வரும் அபிப்பிராயமோ இன்னும் மட்டமானது. பால் பொங்கி வழிந்து அடுப்பில் கருகினாலும் எழுதிக்கொண்டே உட்கார்ந்திருப்பவன் என்று எனக்குப் பெயர்.

அந்தப் பெயரை ஊரறிய நிலைநாட்டிக்கொண்டது என்னுடைய ஒரு தொடர்கதையில். கல்யாணக் காட்சி. மாப்பிள்ளைத் தோழன் சட்டைப் பையிலிருந்து அத்தர்ப் புட்டியை எடுத்து, வந்தவர்கள் மேலெல்லாம் தெளித்தான் என்று எழுதிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத் தருமபுரியிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. "அத்தரைத் தெளிக்க மாட்டார்கள், தொட்டு வைப்பார்கள். தெளிப்பது பன்னீர். தாங்கள் எங்கள் ஜில்லாக்காரர் என்று கேள்வி. ஊர்ப் பக்கம் வந்தால் கடைக்கு வரவும். வித்தியாசத்தைத் தங்கள் கையிலேயே காட்டுகிறேன்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. கீழே ஓர் அத்தர் வியாபாரியின் விலாசம்.

வாசகர்கள் எனக்கு எத்தனையோ விதமாகப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். கையிலேயே காட்டுகிறேன் என்று யாரும் சொன்னதில்லை. நான் பிறந்த கிராமம் அரூருக்குப் பக்கம். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிற வழியில் தருமபுரியில் இறங்கிக் கடையைத் தேடிக் கண்டுபிடித்தேன்.

கடை என்று சொல்வது மரியாதைக்காக. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆசாமி தெருவில்தான் நிற்க வேண்டும். மர அலமாரி நிறையக் கண்ணாடிப் புட்டிகள். அவற்றின் நடுவே தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக ஒரு பெரியவர். நான் இன்னார் என்று சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"நீங்கள் உட்காருங்கள், பாய். தப்புச் செய்தவன் நான்" என்றேன்.

"தப்பு இல்லை தம்பி, பழக்கமில்லை. அவ்வளவுதான். கையை நீட்டுங்க" என்றார்.

நான் புட்டியை மூக்கருகே கொண்டுபோகப் பார்த்தேன். வெடுக்கென்று வாங்கி வைத்துக்கொண்டார். புட்டியில் முகர்வது பெண்ணைப் போட்டோவில் பார்ப்பது போலவாம். காகிதத்தில் தொட்டு முகர்வது பக்கத்து வீட்டில் விசாரிப்பது போலவாம். தோலில் வைத்துச் சூடு ஏறினால்தான் அத்தர் பேச ஆரம்பிக்கும். ஒவ்வொருவர் தோலிலும் ஒவ்வொரு மாதிரி பேசும். ஆகவே அவசரப்படக்கூடாது, அழுத்தித் தேய்க்கவும் கூடாது என்றார். கண்ணாடிக் குச்சியால் இடது புறங்கையில் இரண்டு இடத்திலும் வலது புறங்கையில் இரண்டு இடத்திலும் பொட்டு வைத்தார். பிறகு டீ வரவழைத்தார்.

முதல் பொட்டு ரோஜா. வைத்த மாத்திரத்தில் கல்யாண வீடு முழுவதும் கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓசூர்ப் பக்கம் இன்று கொட்டகை போட்டு வளர்த்து வெளியூருக்கு அனுப்புகிறார்களே, அந்த ரோஜா பார்க்கத்தான் அழகு, முகர்ந்தால் ஏமாற்றம். அத்தருக்கு ஆவது தமாஸ்க் ரோஜா என்ற வேறு ஜாதி. நூர்ஜஹானின் தாயார் பன்னீர் வடிக்கும்போது, சூடான பன்னீரின் மேல் படர்ந்த எண்ணெய்ப் பிசுக்கை வழித்தெடுத்துப் பார்த்தாராம். ரோஜா அத்தர் பிறந்த கதை அதுதான் என்று ஜஹாங்கீர் சக்கரவர்த்தி தம்முடைய நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். மாமியாரைப் புகழ்ந்து எழுதிய மாப்பிள்ளைகள் உலக சரித்திரத்தில் குறைவு. அந்த ஒன்றுக்காகவே ரோஜா அத்தரை மதிக்கலாம்.

இரண்டாவது பொட்டு 'மோத்தியா'. பெயரைக் கேட்டுப் புதுச் சரக்கு என்று நினைத்தேன். முகர்ந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நம் குண்டுமல்லி! தருமபுரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் விடியற்காலையில் பறித்து, ஈரத் துணியில் கட்டிச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்களே, அதே பூ. வடக்கே போய் வேறு பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தது. ஆனால் சந்தையில் உள்ள பூவுக்கும் இதற்கும் சிறு வேற்றுமை தெரிந்தது. மல்லிகைக்குக் கொதி அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது; நீராவியில் பாதி மனசோடுதான் மணத்தைக் கொடுக்கும். அதனால்தான் இந்தக் காலத்து ஆலைகளில் நீராவியை விட்டுவிட்டுக் கரைப்பானில் ஊறவைத்து எடுத்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

வலது கையில் முதல் பொட்டு வெட்டிவேர். பச்சையாக, கொழகொழவென்று இருந்தது. கோடையில் வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீரைக் குடித்த பிறகு தொண்டையில் ஒரு குளிர்ச்சி தங்குமே, அது அப்படியே கைக்கு வந்தது. பாரிஸ் நகரத்து வாசனைக்காரர்கள் கூட இதை 'வெட்டிவேர்' என்றுதான் சொல்கிறார்கள். நாம் உலகத்துக்குக் கொடுத்த சொற்களில் சண்டை சச்சரவில்லாத ஒன்று.

அடுத்ததுதான் என்னைத் திகைக்க வைத்தது. பெயர் 'மிட்டி'. மண் என்று அர்த்தம். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்ற பழைய ஊரில் சுட்ட மண்ணைப் போட்டு வடிக்கிற அத்தர். முகர்ந்தேன். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் எங்கள் கொல்லைக்காட்டில் முதல் மழைத்துளி விழுந்தது. வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருளுக்கு இந்த மணத்தில் பெரிய பங்கு உண்டு என்கிறார்கள். 1964இல் இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் மழை வாசனைக்கு ஒரு கிரேக்கப் பெயர் சூட்டினார்கள். கன்னோஜ்காரர்கள் அதற்கு முன்பே புட்டியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"நான்கும் பிரமாதம், பாய்" என்றேன்.

"நான்கு இல்லை தம்பி. இதுவரை நீங்கள் முகர்ந்தது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது" என்றார்.

அப்புறம் விளக்கினார். கன்னோஜில் தாமிர அண்டாவில் பூவும் தண்ணீரும் போட்டு, வாயை மண்ணால் பூசி அடைத்து, கீழே விறகும் வரட்டியும் வைத்து எரிப்பார்கள். அண்டாவின் ஆவி மூங்கில் குழாய் வழியாக, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைத்த இன்னொரு தாமிரப் பாத்திரத்துக்குள் போகும். அந்தப் பாத்திரம் காலியாக இருப்பதில்லை. அதில் சந்தன எண்ணெய் இருக்கும். பூவின் ஆவி வந்து சந்தனத்தில் அடைக்கலம் புகும். மறுநாள் புதுப் பூ, மறுபடி ஆவி. இப்படி நாள் கணக்கில் நடக்கும். ரோஜாவானாலும் மண்ணானாலும் பிடித்து நிறுத்துவது சந்தனம்தான். இல்லாவிட்டால் பூவின் மணம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடும். சந்தனம் விலையேறிப் போன இந்தக் காலத்தில் பல பேர் அதற்குப் பதில் மணமில்லாத எண்ணெய்களை வைத்து ஒப்பேற்றுகிறார்கள் என்று சொல்லி உதட்டைப் பிதுக்கினார்.

பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்து கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு புட்டியை எடுத்தார். அவருடைய தகப்பனார் காலத்துச் சரக்காம். விற்பதற்கில்லையாம். மணிக்கட்டில், நாடி துடிக்கிற இடத்தில் ஒரே ஒரு பொட்டு வைத்தார். முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் மூக்கைப் பற்றி வீட்டில் சொல்வது மெய்தான் போலிருக்கிறது என்று வெட்கமாகக்கூட இருந்தது. டீயைக் குடித்து முடித்தேன். அப்போது மெதுவாக வந்தது. சுண்டக் காய்ச்சிய பாலின் மணம் போல ஒன்று, வெயிலில் கிடந்த மரக்கதவின் மணம் போல ஒன்று, கோவிலில் குருக்கள் இலைத்துண்டில் கொடுக்கும் சந்தனத்தின் ஞாபகம். இன்னது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மற்ற நான்கும் என்னிடம் பேசின. இது பேசவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"எந்த ஊர் மரம், பாய்?" என்று கேட்டேன்.

"நம்ம ஊர்ப் பக்கத்து மரம்தான்" என்று சொல்லி, கிழக்கே மலைகள் இருக்கும் திசையைத் தாடியாலேயே காட்டினார்.

அந்தத் தாடி காட்டிய திசையில்தான் சித்தேரி மலை இருக்கிறது. அதற்கு வடக்கே, பெயரிலேயே மணக்கும் ஜவ்வாது மலை. இந்த மலைகளில் சந்தனம் தானாக வளர்ந்தது. பிடுங்கிய கட்டைகளைச் சேலத்திலும் திருப்பத்தூரிலும் சர்க்கார் கிடங்குகளில் அடுக்கி ஏலம் விட்டு வந்தார்கள். ஆனால் எங்கள் ஜில்லாவில் ஏழைக் குடியானவன் வீட்டில் சந்தன எண்ணெயை நான் கண்டதில்லை. இது எப்படி என்று பஸ்ஸில் போகும்போது யோசித்துக்கொண்டே போனேன். கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டினால் புரியும்.

தகடூர் என்று அதியமான் ஆண்ட சீமை, பிற்காலத்தில் பாராமகால் என்று பெயர் பெற்று மைசூர்க்காரர்கள் கைக்குப் போயிற்று. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை ராஜ மரம் என்று அறிவித்ததாகச் சொல்வார்கள். எவன் நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசனுக்குச் சொந்தம். அதே 1792இல்தான் திப்பு யுத்தத்தில் தோற்று, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலைக் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். காப்டன் அலெக்சாண்டர் ரீட் வரிவசூலுக்கு வந்தார். அவருக்கு உதவியாக வந்து தருமபுரியில் வாசம் செய்த தாமஸ் மன்றோ பிற்பாடு சென்னைக்கே கவர்னர் ஆனார். ராஜா போனார், கும்பினி வந்தது. கும்பினி போய் மகாராணி வந்தார். அப்புறம் நாமே வந்தோம். சந்தனம் மட்டும் கடைசி வரை ராஜ மரமாகவே இருந்தது. சொந்தப் பட்டா நிலத்தில் முளைத்ததைக் கூட அனுமதி இல்லாமல் வெட்டவோ விற்கவோ குடியானவனுக்கு உரிமை கிடையாது.

முதல் உலக யுத்தம் வரையில் மைசூர்ச் சந்தனக் கட்டை எண்ணெய் வடிப்பதற்காக ஜெர்மனிக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. யுத்தத்தில் அந்த வழி அடைபட்டது. கட்டை தேங்கிக் கிடந்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் நாமே வடித்தால் என்ன என்று துணிந்தார்கள். 1916இல் எண்ணெய் வடிக்க ஆரம்பித்தார்கள். 1918இல் மைசூர் சாண்டல் சோப்பு வந்தது. எங்கள் வீட்டில் சந்தனம் நுழைந்தது அந்தச் சோப்பு ரூபத்தில்தான். தீபாவளிக்கு ஒரு கட்டி. மிச்சத்தைப் பாட்டி துணிப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள்.

இனி, மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தனம் தனியாக வாழத் தெரியாத மரம். பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைக் கோத்து உணவு வாங்கிக்கொண்டு வளரும். இலையிலும் பூவிலும் அந்த மணம் கிடையாது. பத்துப் பதினைந்து வருஷம் ஆனால்தான் உள்ளே வைரம் பாய ஆரம்பிக்கும். நல்ல எண்ணெய்க்கு முப்பது வருஷமாவது வேண்டும். நூறு கிலோ வைரத்தை வடித்தால் எண்ணெய் ஐந்தாறு கிலோ தேறும். எண்ணெய் அதிகம் இருப்பது வேரில். ஆகையால் சந்தனத்தை வெட்டுவதில்லை, வேரோடு பிடுங்குவார்கள். போதாக்குறைக்கு, இலைகளெல்லாம் சிறுத்துக் குச்சி குச்சியாக நிமிர்ந்து மரமே பட்டுப்போகும் ஒரு நோய், 1899இல் குடகில் முதலில் கண்டது, பல காடுகளைத் தின்றுவிட்டது.

எங்கள் கொல்லைக்காட்டு வேலியோரத்தில் மழைக்காலத்தில் சந்தனக் கன்று முளைக்கும். குயிலும் மைனாவும் பழத்தைத் தின்று விதை போடுவதால் வருவது. தாத்தா களை எடுப்பது போல அதைப் பிடுங்கி வீசிவிடுவார். மூன்று முருங்கை நட்டவர், நாலு வேம்பை வளர்த்தவர், இதை மட்டும் பிடுங்குவார். "ஏன் தாத்தா?" என்று ஒரு தடவை கேட்டேன். "அது வளந்தா நமக்கில்லை. எவனாச்சும் வெட்டிட்டுப் போனா கேசு மட்டும் நமக்கு" என்றார். ஒரு சட்டம் சந்தனத்தைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டது. அந்தச் சட்டத்துக்குப் பயந்து எத்தனை தாத்தாக்கள் எத்தனை கன்றைப் பிடுங்கினார்களோ, அந்தக் கணக்கை யார் எழுதி வைத்தார்கள்?

குடியானவன் வளர்க்காத மரத்தைக் காட்டிலிருந்து களவாடுவதற்கு ஆட்கள் வந்தார்கள். விலை ஏற ஏறக் களவும் ஏறிற்று. வெட்டியவன் கூலிக்கு வெட்டினான். லாபம் பார்த்தவன் வேறு ஊரில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டிருந்தான். வீரப்பன் பெயரை எல்லோருக்கும் தெரியும். அவனுடைய கதையும் 18-10-2004 அன்று எங்கள் ஜில்லாவில், பாப்பாரப்பட்டிப் பக்கத்தில்தான் முடிந்தது.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சந்தனம் என்றால் நினைவு வருவது வீரப்பன் அல்ல. சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடிகள் வாழும் சின்னக் கிராமம். 20-6-1992 அன்று, கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், ரெவினியூ சிப்பந்திகள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். ஜனங்களை ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தார்கள். வீடுகளை நாசம் செய்தார்கள். பதினெட்டுப் பெண்களைக் கெடுத்தார்கள். நாதியற்ற அந்த ஜனங்கள் விடாமல் நீதி கேட்டார்கள். பத்தொன்பது வருஷம் கழித்து, 29-9-2011 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அப்பீல் மேலும் பன்னிரண்டு வருஷம் நடந்தது. 29-9-2023 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, அந்தப் பதினெட்டுப் பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிற்று. சந்தன மரம் வைரம் பாய்வதற்கு ஆகும் காலம் நியாயத்துக்கும் ஆயிற்று.

அன்று நான் பள்ளிக்கூடப் பையன். பெரியவர்கள் திண்ணையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். நான் போனால் பேச்சை மாற்றுவார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிய வயதில் நான் ஊரில் இல்லை. சென்னையில் உட்கார்ந்து அத்தர் தெளிக்கும் மாப்பிள்ளைத் தோழனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஊர் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். ரோஜா வழியிலேயே இறங்கிப் போய்விட்டது. மல்லிகை ஒரு கனவு போல ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணும் வெட்டிவேரும் ஒன்றோடொன்று கலந்து, எது எது என்று தெரியாமல் போயின. மணிக்கட்டில் வைத்தது மட்டும் இப்போதுதான் வயசுக்கு வந்தது போல மணத்தது. அம்மாவுக்குக் கண் மங்கல், மூக்கு மங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"எங்கேடா கெடச்சுது இது?" என்றாள். குரல் தாழ்ந்து போயிற்று. "மொதல்ல போயி கையக் கழுவு."

"கடையில் தொட்டு வைத்ததம்மா. ஒரு பொட்டு."

"ஒரு பொட்டோ ரெண்டு பொட்டோ. கழுவிட்டு வா. அந்த வருசம் வீடு வீடா வந்து மோந்து பாத்தாங்க. ஒங்க பாட்டி பெட்டியில கெடந்த சோப்பத் தூக்கி ஏரியில போட்டா."

பாட்டி பெட்டியிலிருந்த அந்தத் தீபாவளிச் சோப்பு! காசு கொடுத்து நியாயமாக வாங்கியது. அதன் வாசனைக்கும் பயந்து அந்தக் கிழவி இருட்டில் ஏரிக்கரைக்கு நடந்திருக்கிறாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இது எனக்குத் தெரியாது. நான் எழுந்து போய்க் கழுவினேன். சந்தன எண்ணெய் தண்ணீருக்குப் போகாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். திரும்பி வந்து கையைப் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரவு சாப்பிட்ட பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். சட்டம் மாறிவிட்டது, 2002இல் தமிழ்நாட்டில் திருத்திவிட்டார்கள், நம் நிலத்தில் வளரும் சந்தனம் நமக்கே சொந்தம், விற்பதுதான் வனத்துறை வழியாக விற்க வேண்டும் என்றேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் நம்முடைய சந்தனத்தைக் கொண்டுபோய் வாய்க்கால் பாசனத்தில் கரும்பு மாதிரி வரிசையாக நட்டு வளர்க்கிறார்கள் என்பதையும் சொன்னேன். நம் வேலியோரத்தில் இரண்டு கன்று வைத்தால் என்ன என்று கேட்டேன்.

அவள் வெகு நேரம் யோசித்தாள்.

"வெக்கலாம். வெச்சா முப்பது வருசம் யாரு காவல் காக்கறது?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சட்டத்தை ஒரு நாளில் திருத்திவிடலாம். பிடுங்கிப் பழகின கையைத் திருத்துவது அவ்வளவு சுலபமில்லை. இருநூறு வருஷமாக "இது உன்னுடையதல்ல" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இன்று "இது உன்னுடையதுதான்" என்றால் யாரும் உடனே நம்பிவிட மாட்டார்கள்.

மறுநாள் காலையில் கண் விழித்ததும் மணிக்கட்டை முகர்ந்து பார்த்தேன். மணம் மெல்லிசாக இன்னும் இருந்தது. வேலியோரம் போனேன். பருவ மழைக்கு முளைத்தது, ஒரு சாண் உயரத்தில் ஒரு கன்று, துவரைச் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடுங்கவில்லை. சுற்றிலும் நாலு முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு வந்தேன். நான் ஊர் திரும்பிய பிறகு அம்மா அதைப் பிடுங்கிவிட்டாளா என்று கேட்டு எழுதவில்லை. அவளும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.